மூடிவிட்டுச் செல்லவும்

போன குளிர்காலப் புயலில்
பாதை பதினோரு அடி கடலுக்குள் போய்விட்டது.
எலுனெட் வேலிக்கம்புகளைப் பிடுங்கி
அறுத்த பார்லி வயலுக்குள் நட்டுக்கொண்டு வருகிறாள்,
ஐந்து வருடத்தில் மூன்றாம் முறை.
வயல்காரர் ஒன்றும் சொல்லவில்லை.
டிராக்டரை அணைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் வரைபடத்தின் சிவப்புப் புள்ளிகள்
இப்போது அந்தரத்தில் போகின்றன.

கீழே கூழாங்கல்லில் வெள்ளையாய்
ஒரு கடல்நாய்க்குட்டி, தனியே, கத்திக்கொண்டு.
‘இறங்காதீர்கள், தாய் பார்த்துக்கொண்டிருக்கிறது’ என்றாள்
சம்மட்டியை நிறுத்தாமல்.
எங்கே?
அலைக்கு அலை ஒரு கறுப்புத் தலை,
எல்லாம் பாறை.
ஒன்று மூச்சு விட்டது.

பழைய பாதையின் இரும்புக் கதவு மட்டும்
விளிம்பில் நிற்கிறது.
வலமும் இடமும் வேலியில்லை,
திறந்தால் காற்று.
வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் பலகை:
ஆடுகள் உண்டு, மூடிவிட்டுச் செல்லவும்.

இரவில் தானாகத் திறந்துகொள்ளுமாம்.
காலையில் முதல் வேலையாகத் தவழ்ந்து போய்
கொக்கியை மாட்டிவிட்டு வருகிறாள்.

‘கழற்றிவிடலாமே?’

‘தூக்க இரண்டு பேர் வேண்டும்.
டெவ்ரிக் முதுகு பிடித்துப் படுத்திருக்கிறான்.’

அடுத்த கம்பை எடுத்தாள்.
என் கையைப் பார்த்தாள், ஒரு கணம்தான்.

மழை வருகிற மாதிரி இருந்தது.
விடுதிக்கு இன்னும் ஆறு மைல்.
முதுகுப்பையை இறக்கிவைத்தேன்.