முக்கால் கார்

கெட்டம்பே சந்தி, விடிய ஆறு மணி.
கழுத்தில் அட்டை. கையில் ஒரு பலகை,
பலகையில் ஐந்து எண்ணும் பொறி.
கட்டைவிரலால் அமுக்கினால் ஒன்று,
இன்னொரு தரம் அமுக்கினால் இரண்டு.
இவ்வளவுதான் வேலை.
நாளைக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு, சோற்றுப் பார்சல் தனி.

கண்டிக்குள் நுழைகிற வண்டிக்கு
காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை
காசு வாங்கப்போகிறார்களாம்.
கம்பம் நட்டு, கமரா பூட்டி,
நம்பர் தகட்டைப் படித்து
மாதக் கடைசியில் பில் வருமாம்.
அதற்கு முதல் எத்தனை வண்டி என்று
யாராவது மழையில் நின்று எண்ண வேண்டும்.

படிவத்தின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கிறது:
பஸ் என்றால் இரண்டேகால் கார்.
லொறி, கனத்தைப் பொறுத்து.
மோட்டார் சைக்கிள் அரைக் கார்.
முச்சக்கர வண்டி முக்கால்.
நடந்து வருகிறவர்களுக்குக் கட்டம் போடவில்லை.

அரை என்று வாசித்ததும் சிரிப்பு வந்தது.
கொழுந்து குறைந்த நாளில்
அம்மாவுக்கும் அரைப் பேர்தான்.
சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு ஒரு கிலோ
தராசு ஆடி நிற்கும் முன்பே கழிந்துவிடும்.
அந்தக் கணக்கையும் இந்தக் கணக்கையும்
ஒரே ஆள்தான் போட்டிருப்பார் போல.

ஏழேகாலுக்குக் கலஹா பஸ்.
மிதிபலகையில் ஆறு பேர், ஒரு கால் வெளியே.
உள்ளே கார்மெண்ட் பெண்கள்,
புடவைக் கடையில் நிற்கிற பொடியன்கள்,
எக்ஸ்ரே உறையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த ஒருவர்.
தொண்ணூறு பேர் இருக்கும்.
இரண்டேகால் கார்.
பின்னால் ஒரு வெள்ளை ஜீப்,
ஏசிக் குளிரில் கண்ணாடி வியர்த்து,
உள்ளே ஒரே ஒருவர்.
அமுக்கினேன்.

முர்ஷித் நானா என்னைக் கண்டு ஓரம் கட்டினார்.
“என்னத்தப் புள்ள எண்ணுறீங்க?”
சொன்னேன்.
பின்சீட்டில் ஸ்கூல் பிள்ளைகள் ஐந்து, மடியில் இன்னொன்று.
“லீசிங்கே கட்டி முடியல்ல.
என்னைய மட்டும் போட்டுராதீங்க.”

மூன்று ட்ரிப் போனார்.
முதலில் பிள்ளைகள், பிறகு கச்சேரி கிளார்க்,
பிறகு டயலிசிஸுக்குப் போகிற ஒரு மனுஷி,
கண்ணை மூடிச் சாய்ந்திருந்தாள்.
ஒவ்வொரு தரமும் ஹோர்னை மெதுவாகத் தட்டினார்.
ஒவ்வொரு தரமும் என் விரல்
பொறியின் மேல் சும்மா கிடந்தது.
களவுதான்.
யாரிடம் எடுத்தேன் என்று
அந்த நேரம் விளங்கவில்லை.

ஒன்பது மணிக்கு இந்துனில் சேர் வந்தார்.
கொழும்பு ஆள். சப்பாத்தில் சேறு படாமல் நடக்கத் தெரிந்தவர்.
படிவத்தைக் குடைக்குள் இழுத்து
விரலால் வரிசை பிடித்து இறங்கினார்.
ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றேழு.
“ஆயிரத்து எண்ணூறு வந்தால்
இந்தப் பாதையில் த்ரீவீலுக்கு அரைக் கட்டணம்.
மூன்று குறையுது.
சரி, இங்க அவ்வளவு தேவை இல்லை போல.”
பாதி சிங்களம், பாதி தமிழ்.
அன்பாகத்தான் சொன்னார்.

“சேர், மூன்று விட்டுப்போச்சு.”

பொறியைத் திருப்பி எனக்கே காட்டினார்.
“மெஷின் சொல்றதத்தானே நங்கி எழுதலாம்.”
நான்கு சிறு ஜன்னல், நான்கு வெள்ளை இலக்கம்.
என் விரல் சொன்னதைத்தான்
அது திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தது.

பன்னிரண்டு மணிபோல முர்ஷித் நானா
ஒரு சீனி பணிஸோடு வந்தார்.
பேப்பர் வழியே சூடு தெரிந்தது.
“போடல்லதானே?”
“இல்ல நானா.”
வேறு என்ன சொல்ல.
பசி. நின்றபடியே தின்றேன்.
வாயெல்லாம் சீனி.

அவர் வண்டியைத் திருப்பி
பேராதனைப் பக்கம் போனார்.
வெளியே போகிற வண்டிகளை
எண்ணச் சொல்லி யாரும் சொல்லவில்லை.