உறுதி

ஒன்பதரைக்குத் துருக்கி நாடகம்.
சுல்தானின் மூன்றாம் மனைவி
ஷர்பத் கிண்ணத்தை உதட்டுக்குக் கொண்டுபோனாள்.
கிண்ணியா முழுக்கக் கரண்ட் போனது.

பாலத்து விளக்குகளும் இல்லை.
குடாவுக்கு அப்பால், சீனன்குடாப் பக்கம் மட்டும்
யாரோ மறந்துவிட்ட மாதிரி கொஞ்சம் வெளிச்சம்.
தெருவில் ஒருவர் மின்சார சபையின்
ஏழு தலைமுறையையும் விசாரித்துக்கொண்டிருந்தார்.

நான் மெழுகுதிரி தேடினேன்.
இருட்டுக்குள்ளிருந்து றிஸ்மியா ராத்தா சொன்னாள்:
"குடிக்க மாட்டா.
கிண்ணம் கழுவுறவ முந்தியே சொல்லியிருப்பா."

ராத்தாவுக்குத் தெரியும்.
ரியாத்தில் ஏழு வருஷம் கிண்ணம் கழுவியவள்.
அந்த வீட்டில் மூன்று மனைவிகள், மூன்று சமையலறை,
சலவை இயந்திரம் மட்டும் ஒன்று.
படுக்கை விரிப்பை முகர்ந்தே
இந்த வாரம் யார் ஆட்சி என்று சொல்லிவிடுவாளாம்.

அவள் அனுப்பிய காசில் எழும்பியது இந்தக் கல்வீடு.
ஐந்தாம் வருஷம், ஓடு போட்ட கையோடு,
லாபீர் என்னை இங்கே கூட்டிவந்தார்.
ராத்தாவுக்கு அதை அறிவித்தது ஒரு குரல்பதிவு,
பதினாலு வினாடி.
அவள் இன்னும் அழிக்கவில்லை.
ஒருநாள் எனக்குப் போட்டுக் காட்டினாள்:
அவர் தொண்டையைச் செருமுகிறார்,
ஒரு சேவல் கூவுகிறது,
பின்னால் எங்கோ நான் சிரிக்கிறேன்.

அவள் திரும்பி வந்த சுபஹு நேரம்
நான் குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.
பெட்டியை இறக்கினாள். என்னைப் பார்த்தாள்.
"தேத்தண்ணி இருக்கா?" என்றாள்.
அவ்வளவுதான் எங்கள் யுத்தம்.

அரண்மனைக்கு இரண்டு அறை, ஒரு டீவி.
கொட்டியாரக் குடாவில் நண்டு வலை போடுகிறவர்
எங்கள் சுல்தான்.
இன்றைக்கு எந்த அறை என்று மறந்துபோனால்
நடுவில் நின்று இருமுவார்.
நாங்கள் இருவருமே தூங்கியிருப்போம்.

போன மாதம் அவருக்குப் புது எஞ்சின் ஆசை.
நிலாவெளி ஹோட்டல்காரன் ஒருவனுக்கு
இந்த வளவில் ஆசை.
என் தலையைத் தடவிக்கொண்டு கேட்டார்:
"நீதானே அவளோட ஒட்டிக்கிட்டு இருக்கிறாய்,
காணி உறுதி எங்கெண்டு பாரு.
கையெழுத்தை நான் பாத்துக்கிறன்.
மிச்சக் காசில உனக்கொரு காப்பு."

தேடினேன்.
முதல் நாளே கிடைத்தது, பால்மா டின்னுக்குள்,
அவளுடைய பழைய கடவுச்சீட்டோடு.
மூன்று நாள் தேடிவிட்டு
இல்லை என்றேன்.

மெழுகுதிரி சரிந்து எரிந்தது.
ராத்தா தன்பாட்டில் பேசினாள்:
"அந்த வீட்டு இளையவளுக்குப் பத்தொம்பது வயசு.
எனக்கு ஒளிச்சு ஒளிச்சுப் பேரீச்சம்பழம் தருவா.
அவட கள்ளப் போனை
தலையணை உறைக்குள்ள வெச்சிருந்தா.
விரிப்பு மாத்தக்குள்ள கண்டன்.
மூத்தவ எனக்கு ரெண்டு மாச லீவு தாறன் எண்டா.
குடுத்திட்டன்.
அண்டைக்கு ராவே அவளை ஏத்தி அனுப்பினாங்க.
கார்க் கண்ணாடிக்குள்ளால என்னத்தான் பாத்தா.
லீவும் தரல்ல."

நான் மெழுகை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தேன்.

"பாயிஸா."
"ம்."
"பால்மா டின்னில இருந்தது எங்க?"

வெளியே சேர்மன் வீட்டு ஜெனரேட்டர் உறுமத் தொடங்கியது.
பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்து நின்றது.

"அவர் உங்கட சாமானெல்லாம் கிளறுவார் எண்டு...
என்ட அரிசிப் பீப்பாக்கு அடியில."

அவள் ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு, உப்பு ருசி பார்க்கிறவள் மாதிரி:
"அங்க ஈரம் புடிக்கும்.
நாளைக்கு வேற இடம் பாப்பம்."

கரண்ட் வந்தது.
மூன்றாம் மனைவி குடித்தாளா தெரியாது;
சவர்க்கார விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது.
வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.
லாபீர் நடுவில் வந்து
இருமினார்.