குறி சேரும் இடம்

ஜீபீஎஸ் செத்துப்போனது
வலை கிடந்த இடத்தை நெருங்கும்போதுதான்.
நகுலேசன் உள்ளங்கையில் தட்டினான்,
பற்றரியைக் கழற்றி நக்கிப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
நான் கரையைப் பார்த்தேன்.

கடலில் முகவரி கிடையாது.
கரையிலுள்ள இரண்டு பொருள்
ஒன்றன்மேல் ஒன்று ஏறி நிற்க வேண்டும்.
இன்னொரு பக்கத்தில் வேறு இரண்டு
அதேபோல ஏற வேண்டும்.
கோடு இரண்டும் வெட்டும் இடத்தில்
கல் இருக்கும், கல்லில் கலவாய் இருக்கும்,
நேற்று இரவிலிருந்து எங்கள் வலையும்.

தெற்கே கோணேசர் மலை. அது சுகம்.
போத்துக்கீசன் கோயிலை உடைத்தான்,
உடைத்த கல்லையே கோட்டையாய் அடுக்கினான்,
ஒல்லாந்தன் வந்தான்,
இங்கிலீசுக்காரன் பெயர் வைத்தான்,
இப்போது பச்சை உடுப்புப் பெடியன் ஒருவன்
வாசலில் நிற்கிறான்.
மீனுக்குப் போனவனுக்கு
இத்தனை நூற்றாண்டும் ஒரே மூக்கு.
கோபுரத் தலை
பின்னாலுள்ள ஒஸ்ரன்பேர்க் மேட்டுப் பள்ளத்தில்
உட்காரும்வரை ஓட்டினோம்.
உட்கார்ந்தது.

மேற்கில்தான் சிக்கல்.
சல்லி அம்மன் கோயில் ஓட்டுக்கு மேலே
தனிப்பனை தெரிய வேண்டும்.
தொண்ணூறில் அந்தப் பனை பங்கருக்குப் போனது.
பிறகு அதே இடத்தில் சென்றிக் காவல் கூடு:
சனியன் என்றாலும் நல்ல குறி,
மழையிலும் தெரியும்.
கடலுக்குப் பாஸ் எடுத்துப் போன காலத்தில்
எங்களைச் சுடக் காத்திருந்ததை வைத்தே
மீன் பிடித்தோம்.
பிறகு அதையும் கழற்றிவிட்டார்கள்.
இப்போது இரண்டு ஹோட்டல் கூரைகளுக்கு நடுவே
ஒரு பனை அகலத்துக்கு வானம் இருக்கிறது.
நான் அதைத்தான் பிடிப்பேன்.

‘இல்லாத மரத்துக்கு நேர் பிடிக்கிற ஆளை
இப்பதான் காணுறன்’ என்றான் இஃபாம்.
அவன் ஜமாலியா.
அவர்களுக்கு வேறு குறி:
பள்ளி மினாராவும்
உப்புவெளி வெள்ளைக்காரன் சவக்காலை வேம்பும்.
அதனால் அவர்கள் கல்லுக்கு
மையத்துக்கல் என்று பெயர்.
எங்களுடையது பனைக்கல்.
பனைக்கல்லில் அவர்கள் வலை போட்டார்கள் என்று
எங்கள் ஆட்களும்,
மையத்துக்கல்லில் நாங்கள் போட்டோம் என்று
அவர்களும்
பொலிஸ்வரை போனதுண்டு.

அந்தச் சவக்காலையில்
புல் வெட்டப் போயிருக்கிறான் இஃபாம்.
ஒரு கல்லில்
இங்கிலீசும் இல்லாத ஏதோ மொழியாம்,
எல்லாம் ‘ல’வும் ‘ல’வுமாய்,
நாக்குச் சுளுக்கிவிட்டதாம்.
இருபத்தொரு வயசுக் கப்பற்காரன்.
‘அவன்ட ஊரிலயும்
ஒரு கோயிலும் ஒரு மேடும்
ஒண்டா ஏறுற இடம் இரிந்திரிக்கும்’ என்றான்,
தூண்டில் சிக்கைப் பல்லால் அவிழ்த்தபடி.

வாக்குவாதம் முடியவில்லை.
முதலில் என் வானத்துக்கு ஓட்டி
ஈயக்குண்டை விட்டோம்.
பதினொரு பாகம், கல்.
பிறகு அவன் வேம்புக்குத் திருப்பச் சொன்னான்.
நகுலேசன் சுக்கானைத் தொட்டான்,
தொட்டான், அவ்வளவுதான்:
மினாரா நகர்ந்து வேம்பின்மேல் ஏறிவிட்டது.
குண்டு கிடந்த இடத்திலேயே கிடந்தது.

யாரும் ஒன்றும் சொல்லவில்லை.
இஞ்சின் மட்டும் இருமியது.
நாற்பது வருசம்,
மூன்று வழக்கு,
என் மச்சானின் உடைந்த கை.

வலை பாதிதான் வந்தது.
மீதியைக் கல் வைத்துக்கொண்டது.
கலவாய் ஆறு,
ஒரு இடக்கால் செருப்பு.

திரும்பும்போது
வெயில் பட்டதோ என்னவோ
ஜீபீஎஸ் உயிர் பிடித்தது.
இந்த இடத்தைக் குறித்துவை என்று நான் சொல்ல
நகுலேசன் குறித்தான்.
பெயர் கேட்டது.
பனையா, மையத்தா?
‘ரெண்டையும் போடு’ என்றான் இஃபாம்.
எட்டு எழுத்துக்கு மேல் எடுக்காதாம்.
கரை வரும்வரை
அந்தச் சின்னப் பெட்டி
பெயர் கேட்டு
விட்டு விட்டு மின்னிக்கொண்டிருந்தது.