பதினாலாம் கட்டில்

அயர்லாந்துப் பரீட்சைக்கு இன்னும் பதினெட்டு நாள்.
பாளையங்கோட்டை ஹைகிரவுண்டில் இரவுப் பணி.
மருந்துச் சீட்டின் முதுகில்
வாக்கியம் எழுதிப் பழகுகிறேன்.

நோயாளி என்றால் ‘இன் ஹாஸ்பிட்டல்’.
பார்க்க வந்தவர் என்றால் நடுவில் ஒரு ‘தி’.
பேச்சிமுத்து பதினாலாம் கட்டிலில், ‘தி’ இல்லாமல்.
கட்டிலுக்கடியில் பாய் விரித்து
ஒன்பது ராத்திரியாகச் சுடலைவடிவு,
அவர் பெண்டாட்டி,
‘தி’யோடு.

“வீட்டுக்குப் போயி ஒருநா தூங்கிட்டு வந்தா என்ன?”
இது ‘ஷுட்’. தட்டிவிடலாம்.
தட்டிவிட்டாள்:
“சேரன்மாதேவி பஸ்ஸுக்கு யாரு குடுப்பா, சிஸ்டர்?”

“போயிருங்க. இல்லாட்டி நீங்களும் விழுந்துருவிய.”
இது ‘ஹேட் பெட்டர்’.
‘ஹேட்’ நடந்து முடிந்ததற்கு உரிய சொல்;
நாளைக்கு வரப்போவதை அது எப்படிச் சுமக்கிறது
என்பது மட்டும் எனக்குப் பிடிபட்டதேயில்லை.

காலை நாலு மணி. தெர்மாமீட்டரில் நூற்றுமூன்று.
பெண்கள் வார்டுக்குப் போன் பண்ணி
ஒரு கட்டில் கேட்டேன். ஏதோ ஒரு கட்டில்.
தள்ளுவண்டி போன பிறகு
சீட்டைத் திருப்பி அவள் வாக்கியத்தைத் திருத்தினேன்:
ஒரு சின்னச் சொல்லை அடித்தால் போதும்.

பேச்சிமுத்து அரைத்தூக்கத்தில்
கையைக் கீழே தொங்கவிட்டுப்
பாயைத் தடவிக்கொண்டிருக்கிறார்.