கைபட்டவர்

விலகிக்கொள்ள ஒரு தாள் இருக்கிறதாமே,
அதில் கையெழுத்துப் போட வந்தேன் என்றார்
க்ளிஃப் ஓல்ட்ராய்ட்.
தொப்பி முழங்காலில் கவிழ்ந்திருந்தது.
பார்ன்ஸ்லியில் அன்று விடிந்ததிலிருந்தே
மழை பக்கவாட்டில் பெய்தது.

இருபத்தெட்டு வருடம் குப்பை லாரி ஓட்டியவர்.
எதிர்வீட்டு வில்ஃப் ஹின்ச்க்ளிஃப்
தன் உயிலை நிறைவேற்ற
இவர் பெயரை எழுதிவைத்துவிட்டு
இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல்
பிப்ரவரியில் போய்ச்சேர்ந்தார்.

"குளிருது, ஆமா குளிருது.
அவ்வளவுதாங்க எங்க பேச்சு.
அந்த மனுஷனுக்கு நான் யாரு?"

அதற்குச் சட்டத்தில் பிரிவு கிடையாது.
விலகல் பத்திரத்தை எடுத்து வைத்தேன்.
ஒரே பக்கம்.
மூடி கழற்றும் முன்
எந்த சொலிசிட்டரும் கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று:
அவர் சொத்தில் எதையாவது தொட்டீர்களா?

அடக்கத்துக்கு ஏற்பாடு செய்தாராம்.
அது கணக்கில் வராது.
உடைந்த ஜன்னலுக்கு அட்டை வைத்தாராம்.
அதுவும் வராது.
புறாக்களுக்குத் தீனி போட்டாராம், நாற்பத்தொன்று,
எல்லாம் பந்தயப் புறா.
உயிருள்ளதைப் பட்டினி போடாதவனைச்
சட்டம் ஒன்றும் செய்வதில்லை என்றேன்.

பேனாவை அவர் பக்கம் உருட்டினேன்.
அவர் எடுக்கவில்லை.

"மூட்டை தீர்ந்துபோச்சு.
ரெண்டை வித்தேன்.
வேக்ஃபீல்டுக்காரன் ஒருத்தன். அறுபது பவுண்டு."

பேனாவைத் திரும்ப எடுத்துக்கொண்டேன்.

விற்ற கை, பொறுப்பை ஏற்ற கை.
ஏற்றதை இறக்கிவைக்க
அந்த ஒரு பக்கத் தாளில் இடமில்லை.
"தீனிக்குத்தானே வித்தேன்?"
தீனிக்குத்தான். ஆனாலும்.
இந்த நாற்காலியில் இருந்து
நான் அதிகம் சொன்ன சொல் 'ஆனாலும்'.

ஏப்ரலில் சொத்துப் பட்டியல் எடுக்கப் போனேன்.
வீடு. சேமிப்புக் கணக்கு, நாலாயிரத்துச் சொச்சம்.
பித்தளைப் பந்தயக் கடிகாரம், ஓடவில்லை.
எல்லாம் மகள் கில்லியனுக்கு,
கடைசியாகத் தெரிந்த முகவரி ஹோபார்ட்.
க்ளிஃபுக்கு "சிரமத்துக்காக" நூறு பவுண்டு.

பின்கட்டில் மரக்கூண்டு.
எண்ணினேன். மறுபடி எண்ணினேன்.
நாற்பத்தொன்று.

"வித்த ரெண்டும் வந்துடுச்சு" என்றார்,
ஏதோ தானே பறந்து வந்தவர் போல மூச்சு வாங்கி.
"வேக்ஃபீல்டு இவைங்களுக்கு ஒரு தூரமா?"
பணம்?
"அன்னிக்கே பஸ் பிடிச்சுப் போய்க் கொடுத்துட்டேன்."

பேசாமல் என் முகத்தையே பார்த்தார்.
சரக்கு திரும்பியது, பணமும் திரும்பியது,
விற்பனை என்று ஒன்று நடந்ததா என்ன?
முந்தின இரவு நானும் பழைய தீர்ப்புகளைப் புரட்டியிருந்தேன்.
ஆனாலும், என்றேன்.
தலையாட்டிவிட்டு
தண்ணீர்த் தொட்டியைக் கழுவப் போய்விட்டார்.
வளைய எண்களைப் பட்டியலுக்குக் கேட்டபோது
கூண்டைப் பார்க்காமலே ஒப்பித்தார்.

மூலையில் இரண்டு முட்டை.
"இது வில்ஃபோடதா?"
இறந்த தேதியில் இல்லாதது வரிப் படிவத்தில் ஏறாது,
ஆனால் சொத்தில் விளைந்தது சொத்தோடுதான்.
உள்ளங்கையில் ஒன்றை வைத்துப் பார்த்தார்,
சூடு இருக்கிறதா என்று.
என் பக்கமும் நீட்டினார்.

ஆறு நிமிடம் ஒரு அலகு, எங்கள் கட்டணக் கணக்கில்.
கூண்டில் நின்றது, மூன்று அலகு என்று எழுதினேன்.
அலுவலகம் வந்ததும் அடித்தேன்.

புரொபேட் முத்திரையோடு ஜூனில் வந்தது,
ஓல்ட்ராய்டில் ஒரு எழுத்து குறைவாக.
திருத்தச் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.
கடன்காரர்களுக்கு அறிவிப்பு கொடுத்தாயிற்று;
தீனிக் கடைக்காரர் மட்டும் வந்தார், பதினோரு பவுண்டு.
ஹோபார்ட்டுக்கு மூன்று கடிதம் போனது.
இரண்டு பிரிக்கப்படாமல் வந்துவிட்டன.
மூன்றாவது
இதுவரை திரும்பவில்லை.