அனுமதிப் பட்டியல்

கேமராவில் படம் தெரிகிறதே என்கிறார் மேலாளர், தொலைபேசியில்.
தெரிகிறது.
அடுக்கடுக்காய் நண்டுப் பெட்டிகள்,
பனி பூத்த குழாய்,
மாலையில் கேமராவைப் பொருத்திவிட்டு
நான் மறந்து வந்த ஸ்க்ரூடிரைவர்கூடத் தெரிகிறது.
தெர்மாமீட்டர்கள்தாம் பேசவில்லை.
பதினொன்றும்.
ஏழே காலிலிருந்து.

புந்தா அரேனாஸில் நவம்பர் காற்றுக்கு
ஆள் என்றும் தகரம் என்றும் பேதமில்லை.
அலுவலகத்துக்கும் குளிர்க்கிடங்குக்கும் நடுவே
கயிறு கட்டியிருக்கிறார்கள், பிடித்துக்கொண்டு நடக்க.
மடிக்கணினியை வயிற்றோடு அணைத்துப் போகிறேன்.
மணி பத்தாகப் போகிறது.
நீரிணை இன்னும் முழுதாகக் கறுக்கவில்லை.

கிடங்கு வாசலில் எலேயுத்தேரியோ ஒயார்சோ.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை உள்ளே போய்
ஊசித் தெர்மாமீட்டரால் குத்திப் பார்த்து
கதவில் சாக்பீஸால் எழுதுகிறார்.
மைனஸ் பத்தொன்பது.
மைனஸ் பத்தொன்பது.
மைனஸ் பதினெட்டரை.
"அணைச்சுப் போட்டுப் பாரேன்."
உலகத்துக் காவலாளிகள் எல்லாரும் சொல்வது.
பாதி நேரம் அது பலிக்கவும் செய்யும்.

கன்சோல் கேபிளைச் செருகுகிறேன்.
விளக்கு பச்சை.
பச்சை என்றால் கம்பிக்கு உயிர் இருக்கிறது, அவ்வளவுதான்.
அதில் யார் யார் போகலாம் என்பது வேறு கேள்வி.
ஒரே கம்பி, உள்ளே நான்கு தெரு:
பத்து அலுவலகம், இருபது எடைமேடை,
முப்பது தெர்மாமீட்டர், நாற்பது கேமரா.
ஒரு தெருக்காரன் மறுதெருவில் எட்டிப் பார்க்கமாட்டான்.
நெற்றியில் எண் ஒட்டிக்கொண்டுதான் பாலம் ஏறவேண்டும்.
ட்ரங்க்: இயங்குகிறது.
எண் ஒட்டாமல் வருவோர்க்கு: தொண்ணூற்றொன்பது. சரி.
அனுமதி: பத்து, இருபது, முப்பது, நாற்பது.
சரி.
இப்படி எல்லாம் சரியாக இருக்கும்போதுதான்
எனக்கு வயிற்றைக் கலக்கும்.

கம்பிக்கு இன்னொரு முனை இருக்கிறது.
மறுபடி கயிறு. மறுபடி காற்று.

அலுவலக ஸ்விட்ச், துடைப்ப அலமாரிக்குள்.
அனுமதி: நாற்பது.

நாற்பது மட்டும்.

நாற்பதைச் சேர் என்று அடிக்கவேண்டிய இடத்தில்
நாற்பது என்று அடித்திருக்கிறார் யாரோ.
இயந்திரம் மனக்குறிப்பு அறியாது.
சேர் இல்லையா, அப்படியானால் மற்ற மூவரும் வெளியே.
எடைமேடை ராத்திரியில் பூட்டிக் கிடக்கும்,
அலுவலகத்தார் வீட்டுக்குப் போய்விட்டார்கள்,
வெளியே நின்று தட்டியது முப்பது மட்டும்.
பதிவைத் திறந்தேன். நேரம் 19:14.
பயனர்: நெவென்கா பார்ரியா.

நான்தான்.
அப்போது என் மறுகையில் எம்பனாதா இருந்தது.

மாற்றியதை நான் சேமிக்கவில்லை.
பிளக்கை ஒருமுறை பிடுங்கிச் செருகினால்
பழைய பட்டியல் தானாக எழுந்துவிடும்.
பதிவும் அழியும். 19:14 என்று
ஒரு நிமிடம் வந்ததாகவே இருக்காது.
மேலாளர் மின்சாரத்தைத் திட்டுவார்,
திட்டு வாங்கி அதற்குப் பழக்கம்.
பிளக்கில் கை வைத்தேன். வெதுவெதுப்பாக இருந்தது.

கையை எடுத்தது நேர்மையால் என்று சொல்லமாட்டேன்.
ரேடியோவில் எலேயுத்தேரியோ:
"பதினெட்டு. சரியாப் பதினெட்டு."
ஸ்விட்ச் அணைந்து எழ நான்கு நிமிடம்.
ஒரு சொல் அடிக்க ஒரு நொடி.

சேர்.
பத்து, இருபது, முப்பது.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு மூன்றாம் தெர்மாமீட்டர். பிறகு ஏழு.
பிறகு மொத்தமாக, வாய் கொள்ளாமல், எல்லாம்.
இருந்த இடத்திலிருந்தே இரு முனைப் பட்டியலையும்
திரையில் விரல் வைத்துப் படித்தேன். சேமித்தேன்.
பணிப்பதிவேட்டில் எழுதினேன்:
19:14 முதல் 22:31 வரை. ஒரு சொல் விடுபட்டது. விட்டது நான்.

கதவோரத்துத் தெர்மாமீட்டர்தான் ஏறிக்கொண்டிருந்தது.
மற்ற பத்தும் பத்தொன்பதில் உறுதியாக.
எனக்கு அப்போதுதான் உறைத்தது.
"எலேயுத்தேரியோ, கதவைச் சாத்துங்க."
"சாத்திட்டா எப்படிப் பார்த்து எழுதுறது?"
"எழுத வேண்டாம். சாத்துங்க."

ரேடியோவில் காற்றுச் சத்தம்.
பிறகு இரும்பு இரும்பில் மோதும் ஒலி.
பிறகு, கொஞ்சம் மனத்தாங்கலோடு,
"சாக்பீஸை அழிக்கவா, வைக்கவா?"