பதினோராம் எண்

பாடாங் செராய் கிளினிக்கில்
ஞாயிறு, செவ்வாய், வியாழன் காயத்துக்கு.
திங்களும் புதனும் பிள்ளைகளின் தடுப்பூசிக்கு.
அறை ஒன்றுதான்.
சுவரில் ஒட்டிய முயல்களைக் கழற்ற
யாருக்கும் நேரமில்லை;
விரல் இழந்தவர்கள் படுத்தபடி
அவற்றைப் பார்ப்பார்கள்.

எண் கொடுப்பது நான்.
வந்த வரிசையில் இல்லை.
சுத்தமான புண் முதலில்,
சீழ் கடைசியில்.
ஒரு கட்டில், ஒரு டிராலி,
இடையே குளோரின் போட்டுத் துடைக்கப் பத்து நிமிடம்.
மாற்றிச் செய்தால்
ஒருவர் காலில் இருப்பது
அடுத்தவர் காலுக்கு ஏறிவிடும்.
மலாயிலும் தமிழிலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
படித்துவிட்டும் சண்டைக்கு வருகிறார்கள்.

மிஸ்ஸி நோர்ஹயாத்தி
ஆறு மாதம் அலோர் ஸ்டாரில்
புண்ணை மட்டும் படித்து வந்தவர்.
செத்த தோலை வெட்டும் கத்தி
அவர் கைக்கு மட்டும்.
எம்.ஏ. தேவேந்திரன் பாதத்தில் நாடி தேடுவார்;
சத்தம் கிடைக்காத காலில்
பழைய ரேடியோவில் ஸ்டேஷன் பிடிப்பவரைப் போல
கருவியை
நகர்த்தி
நகர்த்தி
நிமிர்ந்து பார்க்காமலேயே இருப்பார்.
சாப்பாடு பற்றிச் சொல்ல வேண்டியவரின் பதவி
இரண்டு வருடமாகக் காலி.
அவர் நாற்காலியில் பஞ்சுப் பெட்டிகள்.
கூலிமிலிருந்து டாக்டர் ஹோ
மாதத்தின் இரண்டாம் வியாழன் மட்டும்.
வெள்ளி கலந்த விலையுயர்ந்த பட்டைக்கு
அவர் கையெழுத்து வேண்டும்.
சாவி என்னிடம்.
கையெழுத்து அவரிடம்.
புண் சன்னாசியிடம்.

சன்னாசி செம்பனை வெட்டுபவர்.
கீழே கிடந்த மட்டையின் முள்
பூட்ஸைத் துளைத்து உள்ளே போயிருந்தது,
நான்கு நாள் அவருக்குத் தெரியவில்லை.
இனிப்பு நீர் இருப்பதை
முள்தான் முதலில் கண்டுபிடித்தது.

எஸ்டேட் லாரி ஆறரைக்கு இறக்கிவிடும்.
கதவு திறக்கும் முன்னே நிற்பார்.
எண் பதினொன்று.
வாசலோர நாற்காலி, வாடை வெளியே போகட்டும் என்று.
"பசியாறிட்டு பத்தரைக்கு வாங்களேன்"
"எடம் போயிரும்மா"
உங்க எடத்த யாரும் புடிக்க மாட்டாங்க என்று
சொல்ல வாயெடுத்து
பேனா மூடியைத் தேடினேன்.

கண்ணாடித்தாளை வைத்து
வாரம் ஒருமுறை மிஸ்ஸி ஓரம் வரைவார்.
ஃபைலில் அடுக்கியிருக்கிறது:
பினாங்குத் தீவு அளவுக்கு ஒன்று என்பார் தேவேந்திரன்,
பிறகு கொஞ்சம் கரை போன தீவு,
ஆகஸ்டில் மறுபடி பெருத்தது
(கல்யாண வீடு, மூன்று நாள் லட்டு),
பிறகு சிறிய தீவு.

நவம்பர் மழையில் ஒரு ஞாயிறு.
ஃபைலில் மிஸ்ஸியின் கையெழுத்து: சீழ் இல்லை.
அட்டையை எடுத்துக் கொடுத்தேன்.
நான்கு.
பார்த்தார், திருப்பிப் பார்த்தார்,
கவுண்டரில் வைத்தார்.
"தப்பா குடுத்திட்ட"
"தப்பில்ல"
"இது வேற யாருதோ"
என்று அந்த வாசலோர நாற்காலியிலேயே
போய் உட்கார்ந்தார்.

நான்கு என்று கூப்பிட்டேன்.
எம்பாட் என்று கூப்பிட்டேன்.
முயல் சுவருக்குப் பின்னாலிருந்து மிஸ்ஸி தலைநீட்டி
பாச்சே சன்னாசி, என்றார்.
அப்போதுதான் எழுந்தார்,
கையில் செருப்போடு,
யாரோ ஏசப் போகிறார்கள் என்பது போல.

அதே நேரம் வாசலில் ஒரு பையன்.
பிரேம் பகதூர், நேப்பாளம், கையுறைத் தொழிற்சாலை.
காலைப் பிளாஸ்டிக் பையில் கட்டியிருந்தான்.
அவனுக்கு முன்னே வாடை வந்தது.
பதினொன்றை நீட்டினேன்.
எட்டுப் பேர் தங்கள் கைப்பைகளைச் சரிசெய்தார்கள்.

சன்னாசி திரும்பி வந்து
அந்த நாற்காலியைக் கையால் தட்டினார்.
"இங்க ஒக்காரு, காத்து நல்லா வரும்"
தமிழில்தான்.
பையன் உட்கார்ந்தான்.

வெளிநாட்டவர் கட்டணத்துக்கு
ரசீதுப் புத்தகம் வேறு.
அதைத் தேடி நான் உள்ளே போனேன்.